திருவண்ணாமலைக்கு இரண்டு நாள்: வழி யார்கிட்ட கேக்கறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)



இந்த எபிசோட் ஒரு எக்செல் ஷீட்ல ஆரம்பிச்சது. எங்க டீம்ல ஆறு பேர். ரிலீஸ் முடிஞ்சதும் சனி, ஞாயிறு எங்கயாவது போலாம்னு பேச்சு. பாண்டிச்சேரி எல்லாரும் பாத்தாச்சு, ஏலகிரி போன வருஷம் போயாச்சு. சரி, திருவண்ணாமலைன்னு முடிவாச்சு. பிளான் போடற வேலை என் தலையில விழுந்தது. நானும் ரீல்ஸ், மேப்ஸ், ரிவ்யூ எல்லாம் பாத்து 17 வரிக்கு ஒரு ஷீட் ரெடி பண்ணேன். கோயில், கிரிவலம், ரமணாசிரமம், ரெண்டு கஃபே, அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில நாலு மணிக்கு "மலை உச்சியில் சன்ரைஸ் ட்ரெக்". அந்தக் கடைசி வரிய பச்சைக் கலர்ல ஹைலைட் கூட பண்ணியிருந்தேன்.

எங்க டீம்லயே ஒரு பொண்ணு திருவண்ணாமலைக்காரங்க. அவங்ககிட்ட ஷீட்டை அனுப்பினேன். பத்து நிமிஷத்துல திரும்பி வந்தது. ட்ரெக் வரி மேல சிவப்புக் கோடு. பக்கத்துல ஒரே ஒரு கமென்ட்: "இது வேண்டாம். ஏன்னு நேர்ல சொல்றேன்."

அவங்க என்ன சொன்னாங்கன்றத கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தச் சிவப்புக் கோடு என்னை வேற ஒரு கேள்விக்குக் கொண்டுபோச்சு. இந்த ஊருக்கு மனுஷங்க காலங்காலமா வந்துட்டே இருக்காங்க. அவங்கல்லாம் எப்படி பிளான் பண்ணாங்க? வழி யார்கிட்ட கேட்டாங்க?

முதல் டிராவல் கைடு

ஸ்கூல்ல தமிழ் சிலபஸ்ல "ஆற்றுப்படை"ன்னு ஒரு வார்த்தை வந்தது ஞாபகம் இருக்கா? அஞ்சு மார்க்குக்குப் படிச்சிட்டு மறந்திருப்போம். அது என்னன்னா, ஒரு கலைஞர் ஒரு வள்ளல்கிட்ட போய் பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்றார். வழியில வறுமையில வாடற இன்னொரு கலைஞரைப் பாக்கறார். "நான் போயிட்டு வந்தேன், நீயும் போ. வழி இதுதான்"னு சொல்றார். அவ்வளவுதான் ஃபார்மேட். ஆறுன்னா வழி, படுத்தறதுன்னா அதுல செலுத்தறது.

சங்க இலக்கியத்துல பத்துப்பாட்டோட பத்தாவது பாட்டு மலைபடுகடாம். அதுக்கு இன்னொரு பேரு கூத்தராற்றுப்படை. பாடினவர் பெருங்கௌசிகனார். பாட்டுல கூத்தர்களை அனுப்பற இடம் நன்னன்ற தலைவனோட ஊர், செங்கண்மா. இன்னைக்கு அது செங்கம். திருவண்ணாமலையில இருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். அதாவது இந்த வட்டாரத்துக்கு எழுதப்பட்ட ஒரு முழு டிராவல் கைடு சங்க இலக்கியத்துலயே இருக்கு. 583 அடி! உ.வே. சாமிநாதையர் 1889ல பத்துப்பாட்டை அச்சுல கொண்டுவந்ததால இன்னைக்கு நம்ம கையில இருக்கு.

அதைப் பதவுரையோட உக்காந்து படிச்சேன். படிக்கும்போது எனக்கு ஆச்சரியம் என்னன்னா, பாதிக்கு மேல எச்சரிக்கைதான். பன்றிக்கு வெச்ச பொறி இருக்கும், பாத்துப் போங்க. தினைப்புனம் காக்கறவங்க யானையை விரட்ட கவண்ல கல்லு எறிவாங்க, மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கிப் போங்க. பாறையில பாசி வழுக்கும், ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சிக்கோங்க. ராத்திரி நடக்காதீங்க, குகையில தங்கிட்டு விடிஞ்சதும் கிளம்புங்க. வழி தப்பிட்டா வாத்தியத்தை வாசிங்க, காட்டுல இருக்கறவங்க சத்தம் கேட்டு வந்து வழி காட்டுவாங்க. சேயாற்றங்கரை ஓரமா போங்க. அந்தச் சேயாறுதான் இன்னைக்குச் செய்யாறு.

இதுல ரெண்டு விஷயம் என் மனசுல நின்னுடுச்சு. ஒண்ணு, வழி பிரியற இடத்துல சண்டையில செத்தவங்களுக்கு நட்ட கல்லு நிறைய இருக்கும், அங்க யாழை வாசிச்சுட்டுப் போங்கன்னு பாட்டு சொல்லுது. இது வெறும் கற்பனை இல்ல. செங்கம் வட்டாரத்துல நிஜமாவே ஏகப்பட்ட நடுகற்கள் கிடைச்சிருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972ல "செங்கம் நடுகற்கள்"னு ஒரு புத்தகமே போட்டாங்க, பதிப்பிச்சவர் இரா. நாகசாமி. அதுல எடத்தனூர்க் கல்லு என்னோட ஃபேவரிட். மகேந்திர பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காப்பாத்தப் போராடிச் செத்த ஒரு வீரன். அவன் பக்கத்துல அவனோட நாய். அந்த நாயோட பேரும் கல்லுல பொறிச்சிருக்கு: கோவிவன். திருடங்க ரெண்டு பேரைக் கடிச்சு, எஜமானுக்குக் காவலா நின்ன நாய். எத்தனையோ குறுநிலத் தலைவங்களோட பேர் நமக்குத் தெரியாது, ஆனா 1,400 வருஷத்துக்கு முந்தின ஒரு நாயோட பேர் தெரியும்.

ரெண்டாவது விஷயம் இன்னும் சின்னது. புது ஊருக்குப் போற கூத்தர்களுக்கு ஒரு டிப்ஸ்: வழி ரெண்டா பிரியற இடத்துல, நீங்க போன பக்கம் புல்லை முடிஞ்சு அடையாளம் வெச்சிட்டுப் போங்க. ஏன்? பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும். இந்தப் புல் முடிச்சை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

பழைய மேப்போட கிளம்பின பையன்

அடுத்து 1896க்குப் போவோம். ஆகஸ்ட் 29, மதுரை. பதினாறு வயசுப் பையன், பேரு வேங்கடராமன். வீட்டை விட்டுக் கிளம்ப முடிவு பண்ணிட்டான். போற இடம் திருவண்ணாமலை. அண்ணனோட காலேஜ் ஃபீஸ் கட்டச் சொல்லி அஞ்சு ரூபா குடுத்திருந்தாங்க. அதுல மூணு ரூபா எடுத்துக்கிட்டு, மீதி ரெண்டு ரூபாயை ஒரு லெட்டரோட வெச்சிட்டுக் கிளம்பிட்டான்.

அவன் பண்ண பிளானிங் என்ன தெரியுமா? வீட்டுல இருந்த ஒரு பழைய அட்லஸைப் புரட்டினான். திருவண்ணாமலைக்குக் கிட்ட இருக்கற ஸ்டேஷன் திண்டிவனம்னு கண்டுபிடிச்சான். டிக்கெட் 2 ரூபா 13 அணா. மிச்சம் மூணு அணா. பக்காவான பட்ஜெட் டிராவல்.

பிரச்சினை என்னன்னா, அந்த அட்லஸ் அவுட்டேட் ஆயிடுச்சு. அது அச்சான அப்புறம் விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை வந்துடுச்சு. அது திருவண்ணாமலை வழியாவே போகுது. இவனுக்கு அது தெரியாது. ட்ரெயின்ல கூட உக்காந்திருந்த ஒரு வயசான மௌல்வி பேச்சுக் குடுத்தார். பையன் எங்க போறான்னு கேட்டார். திண்டிவனம் வரைக்கும் எதுக்குப் போகணும், விழுப்புரத்துல இறங்கி வேற வண்டி மாறினா நேரா திருவண்ணாமலையிலேயே இறங்கலாமேன்னு சொன்னார்.

பையன் விழுப்புரத்துல இறங்கினான். கையில காசு இல்ல. ஒரு ஹோட்டல்காரர் சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம்னுட்டார். மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் எடுக்க முடிஞ்சது. அங்கிருந்து பத்து மைல் நடை, அரகண்டநல்லூர். அப்புறம் ஆத்துக்கு அந்தப் பக்கம் கீழூர். அங்க ஒரு வீட்டுல சாப்பாடு போட்டாங்க. காதுல இருந்த கடுக்கனைக் கழட்டி நாலு ரூபாய்க்கு அடகு வெச்சான். செப்டம்பர் 1 காலையில திருவண்ணாமலையில இறங்கினான். அடகு ரசீதை வழியிலேயே கிழிச்சுப் போட்டாச்சு, திரும்பிப் போற எண்ணமே இல்ல. அதுக்கப்புறம் 54 வருஷம், 1950 ஏப்ரல் 14ல மறையற வரைக்கும், அந்த மலையை விட்டு அவர் போகல. ரமண மகரிஷின்னு உலகத்துக்குத் தெரிஞ்சவர் அவர்தான்.

ஆன்மிகப் பக்கத்தை இந்த எபிசோட்ல நான் தொடல. அது அவங்கவங்க விஷயம். எனக்கு இதுல பிடிச்சது அந்த மௌல்விதான். பேர் தெரியாது. மதுரைப் பக்கத்துல ஏறி, திருக்கோவிலூர்ல இறங்க வேண்டியவர். பையன்கிட்ட மேப் இருந்தது, ஆனா பழசு. மௌல்விகிட்ட மேப் இல்ல, ஆனா அந்த ரூட்ல போற ஆள். மலைபடுகடாம்ல வழியில எதிர்ப்படற கூத்தர் செஞ்ச அதே வேலையைத்தான் இவரும் ரயில் பெட்டியில செஞ்சார்.

அப்புறம் புத்தகமே வழிகாட்டியா ஆச்சு. பால் பிரண்டன்ற இங்கிலாந்துப் பத்திரிகையாளர் 1930களின் தொடக்கத்துல இங்க வந்துட்டுப் போய் 1934ல ஒரு புத்தகம் போட்டார். அதைப் படிச்சிட்டு ஐரோப்பாவுல இருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. 1938ல நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். 1950ல புகைப்படக்காரர் ஹென்றி கார்டியே பிரசோன் வந்தார். ரமணர் மறைஞ்ச ராத்திரி அவர் இங்கதான் இருந்தார். இன்னைக்கு செங்கம் ரோட்டுல நீங்க பாக்கற அந்த கஃபே கூட்டத்துக்கு வேர் இங்க இருக்கு.

கோயிலைத் தலைகீழா படிங்க

சரி, கோயிலுக்கு வருவோம். முதல் தடவை போறவங்க என்ன பண்றாங்கன்னா, கிழக்கு ராஜகோபுரம் முன்னாடி நின்னு செல்ஃபி, நேரா கியூ, தரிசனம், வெளிய வந்தா பிரசாத ஸ்டால். முடிஞ்சது. நானும் காலேஜ் டைம்ல அப்படித்தான் போயிட்டு வந்தேன்.

இந்தத் தடவை நடந்து பாக்கும்போது ஒண்ணு புரிஞ்சது. கோடு எழுதறவங்களுக்கு ஈஸியா சொல்லணும்னா, இந்தக் கோயில் கிட் லாக் மாதிரி. புதுசு முதல்ல தெரியும், உள்ள போகப் போகப் பழசு. நடுவுல இருக்கற சந்நிதி சின்னது, பழசு. அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டுலயே பாடின தலம் இது. வெளிய வர வர கோபுரம் உயரமாகும், காலம் கிட்ட வரும். நாம வெளிய இருந்து உள்ள போறதால ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் சில நூறு வருஷம் பின்னாடி போறோம்.

முதல் வாசல் ராஜகோபுரம். 11 நிலை, 217 அடி. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல தொடங்கினது. அவர் 1529ல காலமாயிட்டார். தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் காலத்துலதான் வேலை முடிஞ்சதுன்னு சொல்றாங்க. அதாவது பிராஜெக்டை ஆரம்பிச்சவர் லாஞ்ச்சைப் பாக்கல. உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் ஆயிரங்கால் மண்டபம், இடது பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். ரெண்டுமே கிருஷ்ணதேவராயர் திருப்பணி. அந்த ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழ பாதாள லிங்கம் இருக்கு. 1896ல வந்து இறங்கின அந்தப் பையன் கொஞ்ச நாள் உக்காந்திருந்த இடம் அதுதான்.

அடுத்த வாசல் வல்லாள மகாராஜா கோபுரம். இங்க ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா இந்தக் கதையை ரீல்ஸ்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

வல்லாளன்னா ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். தலைநகர் இன்னைக்குக் கர்நாடகாவுல இருக்கற ஹளேபீடு, அப்போ துவாரசமுத்திரம். டெல்லி சுல்தானியப் படை 1311ல மாலிக் காபூர் தலைமையில வந்தது. 1320களின் கடைசியில திரும்பவும் படை வந்தது. தலைநகர் நாசம். அப்புறம் வல்லாளர் திருவண்ணாமலையைத் தலைநகரா வெச்சு ஆட்சி பண்ணார். யோசிச்சுப் பாருங்க, கன்னட நாட்டு அரசர், கடைசிக் காலத்துல இந்த மலையடிவாரத்துல இருந்து ராஜ்யத்தை நடத்தறார். அப்போ மதுரையில ஒரு தனி சுல்தானியம். அதோட தொடர்ந்து சண்டை.

1342ல திருச்சிக்குப் பக்கத்துல கண்ணனூர்க் குப்பத்துல வல்லாளர் தோத்தார். அதை எழுதி வெச்சவர் யார் தெரியுமா? மொராக்கோவுல இருந்து உலகம் சுத்த வந்த இப்னு பதூதா. மதுரை சுல்தானும் அவரும் அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க, நம்ம பாஷையில சகலை. வல்லாளருக்கு அப்போ எண்பது வயசுக்கு மேலன்னு எழுதறார். பிடிச்சு, சொத்தையெல்லாம் எழுதி வாங்கிட்டு, கொன்னு, தோலை உரிச்சு அதுல வைக்கோல் அடைச்சு மதுரை மதில்ல தொங்கவிட்டாங்க. அதை நான் கண்ணால பாத்தேன்னு சொல்றார். தன் சகலையோட படை செஞ்ச வேலையை அவர் மறைக்கல.

இது வெளியூர்ப் பயணி எழுதி வெச்ச பக்கம். ஊர் ஞாபகம் வெச்சிருக்கறது வேற மாதிரி. வல்லாளருக்குக் குழந்தை இல்ல, அண்ணாமலையாரே அவருக்குப் பிள்ளையா வந்தார்னு தல புராணம். பிள்ளைன்னா கடைசிக் காரியம் செய்யணும் இல்லையா? அதனால இன்னைக்கும் வருஷா வருஷம் மாசி மகத்தன்னைக்கு அண்ணாமலையார் ஊருக்கு வெளிய பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், கௌதம நதிக்கரையில வல்லாளருக்குத் திதி குடுக்கறார். அந்த அரசவம்சமே 700 வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்சுபோச்சு. இந்த ஊர் மட்டும் இன்னும் திதி குடுத்துட்டு இருக்கு. நீங்க நம்பறீங்களோ இல்லையோ, இதுவும் ஹிஸ்டரிதான். ஒரு ஊர் தன்கிட்ட வந்து தங்கினவரை எப்படி ஞாபகம் வெச்சுக்குதுன்றதோட ஹிஸ்டரி.

அதைத் தாண்டினா கிளி கோபுரம், அப்புறம் உள் பிராகாரம். சுவர்ல கீழ பாருங்க, சோழர் காலக் கல்வெட்டுகள். விளக்குக்கு நெய், பூஜைக்கு நிலம்னு யார் என்ன குடுத்தாங்கன்ற கணக்கு. வெளிய வரும்போது வடக்கு வாசல் பக்கம் ஒரு நடை போங்க. அந்தக் கோபுரத்துக்கு ராஜா பேர் இல்ல. அம்மணி அம்மாள் கோபுரம். வீடு வீடா போய்க் காசு சேத்து இந்தக் கோபுரத்தைக் கட்டி முடிச்ச ஒரு பெண் துறவியோட பேர்ல ஊர் கூப்பிடுது.

இன்னொரு விஷயம். 18ஆம் நூற்றாண்டுல இந்த ஊர் ஒரு போர்க்களம். காரணம் அதே செங்கம். மைசூர்ப் பக்கம் இருந்து சமவெளிக்கு இறங்கற கணவாய் செங்கம் வழியா வருது. அந்த வழியைக் கட்டுப்படுத்தணும்னா திருவண்ணாமலை கையில இருக்கணும். 1750கள்ல இருந்து பல முற்றுகை. 1767 செப்டம்பர்ல ஹைதர் அலி–நிஜாம் கூட்டுப் படைக்கும் கர்னல் ஜோசஃப் ஸ்மித்தோட கம்பெனிப் படைக்கும் முதல்ல செங்கத்துலயும், அதே மாசக் கடைசியில திருவண்ணாமலையிலயும் சண்டை நடந்தது. 1790களின் தொடக்கத்துல திப்பு சுல்தான் ஊரைப் பிடிச்சார். கூத்தர்கள் பரிசு வாங்கப் போன வழியிலதான் பீரங்கியும் வந்தது.

சிவப்புக் கோட்டோட காரணம்

இப்போ அந்த ட்ரெக் வரிக்கு வரேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. திருவண்ணாமலையில விடாத மழை. டிசம்பர் 1ஆம் தேதி, மலையடிவாரத்துல வ.உ.சி. நகர் மேல பாறையும் மண்ணும் சரிஞ்சது. ஒரு வீட்டுக்குள்ள ஏழு பேர் புதைஞ்சு இறந்துபோனாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள கார்த்திகை தீபம். மலையோட நிலைமையை வல்லுநர் குழு வந்து ஆய்வு பண்ணாங்க. அந்த வருஷம் தீபம் ஏத்தற வேலைக்குப் போறவங்களைத் தவிர பக்தர்கள் யாரும் மலை ஏற அனுமதி இல்லைன்னு சொல்லிட்டாங்க.

நம்ம ஞாபகத்துல அது ஒரு நாள் ட்ரெண்டிங் நியூஸ். நானும் அப்போ ஒரு போஸ்ட் ஷேர் பண்ணேன், அடுத்த நாள் மறந்துட்டேன். மறந்ததாலதான் பச்சைக் கலர்ல ட்ரெக்குன்னு போட்டேன்.

எங்க டீம் பொண்ணோட அம்மா வீடும் அதே மலையடிவாரத்துல, வேற ஒரு தெருவுல இருக்கு. கேன்டீன்ல காபி குடிச்சிட்டே சொன்னாங்க: "அன்னைக்கு ராத்திரி எங்க அம்மா தூங்கல. இப்பவும் பெரிய மழை வந்தா போன் பண்ணி மலையைப் பத்திதான் பேசுவாங்க. நீங்கல்லாம் சன்ரைஸுக்கு ஏறுவீங்க. கூட்டிட்டுப் போற ஆளு காசு வாங்கிட்டு ஏத்தி விடுவான். ஏதாவது ஆச்சுன்னா தேடி வரப்போறது எங்க ஊர் ஆளுங்கதான். நாங்க மலையைச் சுத்தித்தான் போவோம். மேல ஏறறது தீபத்துக்குத்தான்."

அவங்க கோவமா சொல்லல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. அதான் எனக்கு உறைச்சது. மலை 2,668 அடி. காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாம ஏறக்கூடாது. 1980கள்ல மரம் இல்லாம மொட்டையா கிடந்த மலை. பல வருஷமா மரம் நட்டு, காட்டுத் தீயோட மல்லுக்கட்டி, இப்போ இருக்கற பச்சையைக் கொண்டுவந்திருக்காங்க. மேப்ஸ்ல எனக்குத் தெரிஞ்சது ஒரு கோடும், ஒரு வியூ பாயின்ட்டும், 4.6 ஸ்டாரும். 1896ல அந்தப் பையன் கையில இருந்த அட்லஸுக்கும் என் போனுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அவனோட அட்லஸ்ல ரயில் பாதை இல்ல. என்னோட மேப்ல டிசம்பர் 1 இல்ல.

மலைபடுகடாம் எழுதினவருக்கு இது தெரிஞ்சிருந்தது. அதனாலதான் அழகான அருவி எங்க இருக்குன்னு சொல்ற அதே வாயால, எங்க காலை வைக்கக்கூடாதுன்னும் சொல்றார்.

சரி, ரெண்டு நாள் எப்படிப் போறது?

இது நாங்க போன பிளான். பிடிச்சா எடுத்துக்கோங்க.

சனிக்கிழமை விடியக்காலையில சென்னையில இருந்து கிளம்பி திண்டிவனம், செஞ்சி வழி. ஆமா, அட்லஸ் சொன்ன அதே திண்டிவனம்! ஏறியே ஆகணும்னு கால் துறுதுறுக்கறவங்களுக்கு செஞ்சிக்கோட்டை இருக்கு. ராஜகிரி படிக்கட்டு உங்க மூச்சை நல்லாவே வாங்கும். 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைகளோட பட்டியல்ல சேந்து யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமாவும் ஆயிடுச்சு. வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஏறி இறங்கிடுங்க. தண்ணி எடுத்துட்டுப் போங்க, குரங்குக்கிட்ட பையை ஜாக்கிரதையா வெச்சுக்கோங்க.

மத்தியானம் திருவண்ணாமலை. வழக்கமா கோயில் நடுப்பகல்ல நடை சாத்தி சாயங்காலம் திறப்பாங்க. ரூம்ல கொஞ்சம் தூங்கிட்டு, வெயில் தாழ்ந்ததும் ராஜகோபுரத்துல ஆரம்பிச்சு உள்ள போங்க. ரெண்டு மணி நேரமாவது ஒதுக்குங்க. பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் தவிர்த்துட்டா நின்னு பாக்க இடம் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கிரிவலம். 14 கிலோமீட்டர், நிதானமா நடந்தா நாலு மணி நேரம். இந்திர லிங்கத்துல இருந்து ஈசானிய லிங்கம் வரைக்கும் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம், நடுவுல அடி அண்ணாமலை கோயில். சாமி கும்பிடாதவங்களும் நடக்கலாம், ஏன்னா மலை ஒவ்வொரு வளைவுலயும் வேற வேற ஆளா தெரியும். சன்ரைஸும் இங்கயே கிடைச்சுது எங்களுக்கு. உச்சியில இருந்து இல்ல, கீழ இருந்து. முதல் வெளிச்சம் உச்சியில விழுந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வர்றதைப் பாத்தோம். ரோட்டோரம் சுக்கு காபி குடிச்சிட்டு நின்னோம்.

அப்புறம் ரமணாசிரமம். அங்கிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல்லு பாவின நடைபாதை போகுது. 1899ல இருந்து 1916 வரைக்கும் ரமணர் இருந்த விரூபாட்ச குகையும் அந்தப் பக்கம்தான். பாதை திறந்திருக்கான்னு ஆசிரமத்துல கேட்டுட்டுப் போங்க, மழைன்னா விட்டுடுங்க. பாதையை விட்டு விலகாதீங்க. மேலிருந்து நாலு கோபுரமும் ஒரே சதுரமா தெரியும். முந்தின நாள் உள்ள நடந்து பாத்த வருஷங்களை மொத்தமா ஒரே பார்வையில பாப்பீங்க.

நேரம் மிச்சம் இருந்தா 1958ல கட்டின சாத்தனூர் அணை. அந்தப் பக்கம் போனா கோவிவனையும் நினைச்சுக்கோங்க.

முக்கியமா, ஷீட்டை ரெடி பண்ணதும் அந்த ஊர்க்காரங்க ஒருத்தருக்கு அனுப்புங்க. டீம்ல இல்லன்னா லாட்ஜ்ல, டீக்கடையில, ஆட்டோ அண்ணாகிட்ட கேளுங்க. "எங்க போலாம்"னு மட்டும் கேக்காதீங்க. "எங்க போகக்கூடாது"ன்னும் கேளுங்க. அதுக்கு வர்ற பதில்லதான் ஊர் இருக்கு.

எங்க ஷீட்டை டெலீட் பண்ணல. அந்தச் சிவப்புக் கோட்டையும் எடுக்கல. அடுத்து போற டீமுக்கு அப்படியே ஃபார்வேர்ட் பண்ணிட்டோம். கமென்ட்ல மட்டும் காரணத்தை முழுசா எழுதினோம், தேதியோட. புல்லை முடிஞ்சு வெச்ச மாதிரி.

உங்க ஊருக்கு யாராவது ரெண்டு நாள் வந்தா, எந்த வரியில சிவப்புக் கோடு போடுவீங்க? ஏன்? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேத்துக்கறோம். அது வரைக்கும் பத்திரமா போயிட்டு வாங்க.